ஒளியியல் வரலாற்றைக் காப்பாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ், தொலைநோக்கி, நுண்ணோக்கி, நிறமாலை என்று இன்று நாம் படிப்பதெல்லாம் யாரோ ஒருவர் கையால் தேய்த்த கண்ணாடியிலும் யாரோ ஒருவர் இரவில் எழுதிவைத்த குறிப்பிலும் தொடங்கியவை. அவற்றில் எவை பிழைத்தன, எவை போயின, மிச்சமிருப்பதை நாம் எப்படிக் காப்பது? மாணவர்களும் ஆசிரியர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

விதிகள்தான் பாடப்புத்தகத்தில் இருக்கின்றனவே, பழைய காகிதத்தை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?

பாடப்புத்தகம் முடிவைச் சொல்லும், பக்கத்தில் ஒரு பெயரைப் போடும். அந்தப் பெயர் சரிதானா என்பதைப் பழைய காகிதம்தான் சொல்ல முடியும்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளையும் என்று சொல்லும் ஒளிவிலகல் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்நெல் விதி என்று படிக்கிறோம். நெதர்லாந்தின் ஸ்நெல் 1621 வாக்கில் அதைக் கண்டார், ஆனால் அச்சில் கொண்டுவரவில்லை. முதலில் அச்சிட்டவர் பிரான்ஸின் டெகார்ட், 1637இல். இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1602 வாக்கிலேயே அதைக் கண்டிருந்தார் என்பது அவருடைய கையெழுத்துத் தாள்களைப் பிற்காலத்தில் படித்தபோதுதான் வெளியே வந்தது. அதோடும் முடியவில்லை. பாக்தாத்தில் 984 வாக்கில் இப்னு சஹல் என்பவர், ஒளியைக் குவித்து எரிக்கும் ஆடிகளையும் லென்ஸ்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் ஒரு பகுதி டமாஸ்கஸிலும் இன்னொரு பகுதி டெஹ்ரானிலும் தனித்தனியாகக் கிடந்தன. இரண்டும் ஒரே நூலின் துண்டுகள் என்று கண்டறிந்து ஒன்றுசேர்த்தவர் அறிவியல் வரலாற்றாளர் ரோஷ்டி ரஷீத். 1990இல் அவர் அதை வெளியிட்டபோது, அதே விலகல் விதி வடிவியல் படமாக உள்ளே இருந்தது. டெகார்ட்டுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பு!

அந்த இரண்டு நூலகங்களில் ஒன்று "பாதி நூல்தானே" என்று தன் பிரதியைக் கழித்துக் கட்டியிருந்தால் இப்னு சஹலுக்கு இந்த இடம் கிடைத்திருக்காது.

இப்னு அல்ஹைதமின் நூல் ஆயிரம் ஆண்டு எப்படித் தாங்கியது?

பல கைகள் மாறி, பல ஊர்களில் பிரதி எடுக்கப்பட்டதால். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழு பகுதிகள் கொண்ட ஒளியியல் நூலை எழுதினார். பார்வை என்பது கண்ணிலிருந்து கிளம்பும் கதிரால் நடப்பது இல்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால் நடப்பது என்று சோதனைகளோடு வாதாடிய நூல் அது. 1200ஐ ஒட்டி லத்தீனுக்குப் போனது. 1572இல் பாசல் நகரில் ரிஸ்னர் பதிப்பில் அச்சானது. கெப்ளர் வரையிலான ஐரோப்பிய ஒளியியலுக்கு அதுதான் அடித்தளம்.

ஆனால் லத்தீன் மொழிபெயர்ப்பில் முதல் பகுதியின் முதல் மூன்று அதிகாரங்கள் இல்லை. ஆய்வை எப்படிச் செய்ய வேண்டும், எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஆசிரியர் தன் முறையைச் சொல்லும் முன்னுரை அந்த இடத்தில்தான் வருகிறது. ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் படிக்காமலேயே அவரைப் படித்தது. அரபு மூலநூல் பிழைத்தது இஸ்தான்புல் நூலகங்களில். அங்குள்ள பிரதிகளில் ஒன்று அவருடைய சொந்த மருமகன் எடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் அப்துல்ஹமீது சப்ரா இந்தப் பிரதிகளை ஒப்பிட்டு, முதல் மூன்று பகுதிகளின் மூலத்தை 1983இலும் ஆங்கில மொழிபெயர்ப்பை 1989இலும் வெளியிட்டார். ஒரு மனிதரின் பல்லாண்டு உழைப்பு அது. சோதனை செய்தவரைக் கொண்டாடும் அளவுக்குப் பிரதி எடுத்தவர்களையும் பதிப்பித்தவர்களையும் நாம் கொண்டாடுவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

உறுதியாகக் கையில் இருக்கும் ஆவணம் இதுதான்: மிடெல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடி செய்பவர் ஹான்ஸ் லிப்பர்ஷே, 1608 அக்டோபரில் ஹேக் நகரில் டச்சு அரசிடம் காப்புரிமை கேட்டார். சில வாரங்களிலேயே அல்க்மார் ஊர்க்காரர் யாக்கோப் மெட்டியஸும் கேட்டார். இது பலருக்கும் தெரிந்த உத்திபோல் இருக்கிறதே என்று யாருக்கும் உரிமை தரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, அதே மிடெல்பர்க்கின் சகரியாஸ் யான்சன்தான் முதலில் செய்தவர் என்று அவர் மகன் சொன்ன சாட்சியம் 1655இல் பதிவாகி, குழப்பம் பெருகியது.

ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டிச் சரிபார்க்கலாமே என்றால், 1940 மே மாதம் போரில் மிடெல்பர்க் எரிந்தபோது நகர ஆவணக் காப்பகமும் சேர்ந்து எரிந்துவிட்டது. நல்லவேளையாக கார்னலிஸ் டி வார்ட் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே அந்தப் பதிவேடுகளைத் தேடிப் படித்து, 1906இல் புத்தகமாக வெளியிட்டிருந்தார். மூலம் சாம்பலானபின் அவர் எடுத்தெழுதிய பகுதிகளே பல இடங்களில் மூலத்துக்குப் பதிலாக நிற்கின்றன.

கலிலியோவின் தொலைநோக்கி இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. ஃபுளோரன்ஸ் நகரின் கலிலியோ அருங்காட்சியகத்தில் இரண்டு முழுத் தொலைநோக்கிகளும், வியாழனின் நிலவுகளை 1610இல் காட்டிய பொருளருகு லென்ஸும் (பார்க்கும் பொருளை நோக்கி இருக்கும் லென்ஸ்) உள்ளன. லென்ஸ் விரிசல் விட்டது. உடைந்ததைத் தூக்கி எறியாமல், 1677இல் தந்தத்தில் சட்டம் செதுக்கி அதில் பதித்தார்கள்.

லேவன்ஹூக் செய்த நுண்ணோக்கிகள் என்ன ஆயின?

இந்த விஷயத்தில் மனம் மிகவும் நோகும் கதை இது, அதே சமயம் மிகவும் நம்பிக்கை தரும் கதையும் இதுதான்.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக் (1632–1723). உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு உலோகத் தகடுகள், அவற்றுக்கு நடுவே மணிபோல ஒரு குட்டி லென்ஸ், மாதிரியைக் குத்திவைக்க ஒரு ஊசி, அதை நகர்த்த ஒரு திருகு. இவ்வளவுதான் கருவி. இதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத்தான் அவர் பாக்டீரியாவைப் பார்த்தார். வாழ்நாளில் ஐந்நூறு போல லென்ஸ்கள் செய்தார். இறக்கும்போது, வெள்ளியில் செய்த 26 நுண்ணோக்கிகள் அடங்கிய ஒரு பெட்டியை லண்டனில் உள்ள அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். மகள் மரியா காலமான பிறகு, வீட்டில் இருந்த மற்றவை 1747இல் ஏலம் போயின.

உலகத்திலேயே பாதுகாப்பான இடம் என்று நம்பிக் கொடுத்த அந்த 26ம் 19ஆம் நூற்றாண்டில் காணாமல் போயின. இன்று வரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏலத்தில் சிதறியவற்றிலிருந்து சுமார் ஒரு டஜன்தான் உலகில் மிச்சம்.

ஆனால் அவர் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கடிதங்கள் பத்திரமாக இருந்தன. 1981இல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் அந்தக் கடிதக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாள்களோடு ஒட்டியிருந்த சிறு காகிதப் பொட்டலங்களைக் கண்டார். உள்ளே லேவன்ஹூக் சவரக்கத்தியால் சீவிய மாதிரிகளே இருந்தன. தக்கை, எல்டர் மரத் தண்டின் உட்சோறு, காயவைத்த மாட்டின் பார்வை நரம்பு. 1674இல் அவர் அனுப்பியவை! முந்நூறு ஆண்டு அந்தப் பொட்டலத்தை யாரும் கடிதத்திலிருந்து பிரிக்காமல் விட்டதே பெரிய புண்ணியம். "கடிதம் காகிதப் பிரிவுக்கு, மாதிரி வேறு பிரிவுக்கு" என்று யாராவது ஒழுங்குபடுத்தியிருந்தால், எது யாருடையது என்றே தெரியாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தன் லென்ஸ் செய்முறையை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய நுண்ணோக்கி சுமார் 270 மடங்கு பெரிதாக்கும். அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? பிரிக்காமலே நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி உள்ளே படமெடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவு: லென்ஸ் தேய்த்துச் செய்தது இல்லை, கண்ணாடி இழையைத் தீயில் உருக்கி எடுத்த குமிழ். ராபர்ட் ஹூக் 1678இல் வெளிப்படையாக எழுதிவைத்த முறையை ஒத்தது. கருவியைக் கழற்றாமல், "சுத்தம்" செய்யாமல் வைத்திருந்ததால்தான் இந்தக் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்தது.

கண்ணாடி உருக்கும் கைப்பக்குவம்கூட வரலாறா?

கண்டிப்பாக. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர், சூரிய நிறமாலையில் உள்ள கருங்கோடுகளை 1814 வாக்கில் அளந்து வரைந்தவர். அந்த அளவு அவருக்கு வாய்த்ததற்குக் காரணம், பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் இருந்த பட்டறையில் குமிழியும் கோடும் இல்லாத கண்ணாடியை அவர்களே உருக்கியது. அந்தப் பக்குவம் தொழில் ரகசியமாக இருந்தது. அவர் 1826இல் 39 வயதில் இறந்துபோனார். அந்த உலைக்கூடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

நம் பக்கம் காக்க வேண்டியது என்ன இருக்கிறது?

நிறைய. முதலில் கொடைக்கானல். 1899இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம் அங்கே உள்ளது. சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். உலகம் முழுவதும் அது எவர்ஷெட் விளைவு என்றே அறியப்படுகிறது.

கண்டுபிடிப்புக்குச் சமமான இன்னொரு செல்வமும் அந்த மலையில் உண்டு. வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் சேர்த்த வரிசை அது. கால்சியத்தின் ஊதா நிற ஒளியில் மட்டும் சூரியனைப் பிடித்த படங்கள் 1904 முதல் இருக்கின்றன. சூரியனின் செயல்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஒரு விஞ்ஞானி தன் பணிக்காலத்தில் மூன்று சுழற்சி பார்த்தால் அதிகம். நூறு ஆண்டைத் தாண்டிய தொடர் படங்கள் உலகில் சில இடங்களில்தான் உண்டு, அதில் ஒன்று நம் பழனி மலைத்தொடரில். இந்திய வானியற்பியல் மையம் இந்தத் தட்டுகளை ஸ்கேன் செய்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருக்கிறது. 1910இல் பனிக்குளிரில் நின்று ஒரு உதவியாளர் எடுத்த தட்டு, இன்று கணினியில் அளக்கப்படுகிறது. அந்த உதவியாளர் நாளையும் நேரத்தையும் சரியாக எழுதிவைத்திருந்தால் மட்டுமே அந்தப் படத்துக்கு மதிப்பு.

ராமன் விளைவு பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே, அதில் இன்னும் காக்க என்ன இருக்கிறது?

யார் என்ன செய்தார்கள் என்பது இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதியின் நிறம் மாறுகிறது என்று காட்டிய அந்தச் சோதனைகளைச் செய்தார்கள். சுமார் 60 திரவங்கள், சூரிய ஒளி, நிற வடிகட்டிகள், பிறகு பாதரச விளக்கு. பிப்ரவரி 28ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். நேச்சர் இதழுக்கு அனுப்பிய முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். இது குறித்து எத்தனையோ பேச்சுகள். அந்தப் பிப்ரவரி மாதத்தில் ஆய்வகத்தில் என்ன நடந்தது என்பதைக் கிருஷ்ணன் நாட்குறிப்பாக எழுதிவைத்திருந்தார். அது பிழைத்ததால் ஊகங்களின் இடத்தில் ஒரு சாட்சி நிற்கிறது. ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு நான் சொல்வது: தேதி போட்டு எழுதுங்கள், பேனாவால் எழுதுங்கள், அடித்தாலும் கிழிக்காதீர்கள்.

கட்டுரை அச்சிலேயே வந்துவிட்டால் மறக்கப்படாதுதானே?

மறக்கப்படும். எஸ். பஞ்சரத்தினம் அதற்குச் சாட்சி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரில் படிகங்களின் வழியே ஒளி செல்வதை ஆராய்ந்தபோது, தளவிளைவுற்ற ஒளியின் (அதிர்வு ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்த ஒளியின்) நிலை ஒரு சுற்று மாறி மீண்டும் பழைய நிலைக்கு வந்தாலும் அதன் கட்டத்தில் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்) ஒரு கூடுதல் மாற்றம் தங்கிவிடுகிறது என்று 1956இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வந்தது. 1969இல், 35 வயதில், ஆக்ஸ்போர்டில் இறந்துபோனார்.

1984இல் இங்கிலாந்து இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதே வகைக் கட்டத்தைக் காட்டினார், உலகமே அதைப் பேசியது. 1986இல் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் கரண்ட் சயின்ஸ் இதழில், "இது எங்கள் பஞ்சரத்தினம் 30 ஆண்டுக்கு முன் ஒளியில் கண்டதுதான்" என்ற பொருள்பட எழுதினார்கள். பெர்ரி அடுத்த ஆண்டே பஞ்சரத்தினத்தின் வேலையை விளக்கித் தனிக் கட்டுரை எழுதினார். இன்று பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பஞ்சரத்தினத்தின் கட்டுரைகள் 1975லேயே தொகுக்கப்பட்டு நூலாக வந்திருந்தன. பழைய கட்டுரையைப் படித்த ஒருவர், புதியதைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார். அதனால்தான் பெயர் மீண்டது.

பெண்களின் பங்கு ஏன் கண்ணில் படுவதில்லை?

பல இடங்களில் பதிவுக்கே வரவில்லை. அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் சேர்ந்து, வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்தார். ஒரு தட்டில் நிறமாலை விழ 15, 20 மணி நேரம் ஒளி பட வேண்டும், ஆகவே இரவெல்லாம் ஆய்வகத்தில் இருப்பார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. இல்லை என்று பட்டம் தரப்படவில்லை. ஆய்வேட்டின் பிரதி ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் காக்கப்பட்டது. அந்தத் தொகுதி அலமாரியில் இருந்ததால்தான் அவர் செய்தது எவ்வளவு என்று பின்னால் வந்தவர்கள் எழுத முடிந்தது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பழைய பித்தளைக் கருவிகளைக் கண்டம் செய்து கழிக்கப்போகிறார்கள். என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கண்டம் செய்த பொருள் காயலான் கடைக்குப் போகும், அங்கே பித்தளை எடைக்குப் போகும். லென்ஸும் முப்பட்டகமும் கழன்று மூலைக்குப் போகும்.

முதல் வேலை, இருப்புப் பதிவேட்டைப் பிடியுங்கள். கருவியைவிட முன்னதாக அழிவது அதுதான். எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை, யார் வாங்கியது என்ற வரி அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுங்கள். பிறகு கருவியில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் பெயரையும் எண்ணையும் பாருங்கள். ஆடம் ஹில்கர் லண்டன், கார்ல் சைஸ் ஜெனா என்றெல்லாம் இருந்தால் தொடர் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டி, சாவி, பழைய ரசீது, பெட்டியில் ஒட்டிய சீட்டு எதையும் பிரிக்க வேண்டாம். அதன்பின் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்: கண்டப் பட்டியலிலிருந்து இதை நீக்கி, துறையின் காட்சிப்பொருளாக மாற்றலாமா என்று. வாய்வார்த்தையாகக் கேட்டால் அடுத்த முதல்வர் வந்ததும் மறுபடி பட்டியலில் ஏறிவிடும்.

தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழைய பித்தளைக் கருவிகளின் மேல் அரக்குப் பூச்சு ஒன்று இருக்கும், பொன்னிறம் அதனால்தான். பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பூச்சும் போய், அளவுக்கோடுகளும் மங்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஒட்டவைத்த இரட்டை லென்ஸை ஸ்பிரிட்டில் ஊறவைக்காதீர்கள், நடுவில் இருக்கும் பால்சம் பிசின் கரைந்துவிடும். பழைய பாதரச விளக்கு இருந்தால் வெறுங்கையால் கிளற வேண்டாம், உடைந்தால் ஆபத்து.

ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம், அது கெடுக்குமா?

ஈரச் சந்தனம் பித்தளையில் கறை விடும், அளவுக்கோட்டுக்குள் புகுந்தால் எடுப்பது கஷ்டம். மரப்பெட்டிக்கு வையுங்கள், இல்லை கருவி நிற்கும் மேசைக்கு வையுங்கள். மரியாதை அப்படியே இருக்கும், கருவியும் இருக்கும்.

லென்ஸில் வெள்ளையாக நூல் நூலாகப் படர்ந்திருக்கிறது, அது என்ன?

பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில், இருட்டான பீரோவுக்குள் வைத்த லென்ஸில் இது சீக்கிரம் வரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும், அரித்தபின் துடைத்தாலும் தடம் போகாது. அப்படிப்பட்ட லென்ஸை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். காற்றோட்டம் கொடுங்கள். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். தோல் உறைக்குள் லென்ஸை வைப்பது நல்லதில்லை, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வீட்டில் தாத்தா காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்துவிட்டு எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். இன்றைய ஸ்கேனருக்குத் தெரியாத விவரம் நாளைய கருவிக்குத் தெரியும். லேவன்ஹூக்கின் லென்ஸ் விஷயத்தில் அதுதான் நடந்தது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது எடை தாங்காமல் உடையும். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகித உறையில் போட்டு, நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். விவரத்தை உறையில் பென்சிலால் எழுதுங்கள், எழுதிய பிறகு தட்டை உள்ளே போடுங்கள். மங்கலாக இருக்கும் பக்கம்தான் படம் உள்ள பக்கம், அதில் விரல் படக்கூடாது. அதன் ஜெலட்டின் பூச்சிகளுக்கும் பூஞ்சைக்கும் நல்ல தீனி. செல்லோடேப் எதற்கும் வேண்டாம்.

கருவியும் இல்லை, காகிதமும் இல்லை. நாங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், தொலைநோக்கிக் கண்ணாடி தேய்த்தவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் கையால் லென்ஸ் அரைத்தவர். செல்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "உங்கள் அனுபவம் என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எந்தப் பொடியால் தேய்த்தீர்கள், முதலில் எது, கடைசியில் எது, வழவழப்பு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேளுங்கள், கை தானாக மேசையில் வட்டம் போடும், பேச்சு வரும். பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதியைச் சொல்லிவிடுங்கள். அவருடைய சம்மதத்தையும் பதிவில் கேட்டு வாங்குங்கள். கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று உங்கள் செல்பேசிக்கு வெளியே இருக்கட்டும்.